தொடர் நகல் இருக்கும்போது இரவுக் காப்பு எதற்கு? அலுவலகப் போஸ்ட்கிரெஸிலிருந்து எஸ்3 வரை

வாசகர் கேள்வி: 3 பிப்ரவரி 2025

எங்கள் துணி மொத்த வணிகத்தின் போஸ்ட்கிரெஸ் 14 தரவுத்தளம் அலுவலகத்திலேயே ஒரு சர்வரில் ஓடுகிறது. அளவு ஏறத்தாழ 400 ஜிபி. இரவு ஒரு மணிக்குத் தொடங்கும் டம்ப் (தரவு முழுவதையும் கோப்பாக எழுதியெடுக்கும் காப்பு), இப்போதெல்லாம் காலை ஆறரை வரை இழுக்கிறது. தரவுத்தள மாற்றங்களைப் படித்து அனுப்பும் டெபீசியம் என்ற கருவியை வைத்து ஒவ்வொரு மாற்றத்தையும் மும்பை ரீஜனிலுள்ள எஸ்3 பக்கெட்டுக்கு (அமேசானின் மேகச் சேமிப்பு) உடனுக்குடன் அனுப்பிவிட்டால், எந்த நேரத்திலும் நகல் ஒன்று வெளியே இருக்கும். மேலாளர்கள் கேட்கும் அறிக்கைகளையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் இரவு டம்ப் தேவையே இல்லை என்பது என் கருத்து. இதில் ஓட்டை எங்கே இருக்கிறது?

3 பிப்ரவரி, இரவு 10:20

இரண்டு தனித்தனி வேலைகளை ஒரே குழாயில் விட்டிருக்கிறீர்கள். ஓட்டை அங்கேதான் இருக்கிறது. சர்வர் எரிந்தாலும் வெள்ளத்தில் முழுகினாலும் தரவுத்தளத்தை இருந்தது இருந்தபடி எழுப்புவது ஒரு வேலை. மேலாளர் பார்ப்பதற்காக மாற்றங்களை வேறோரிடத்தில் சேர்த்துவைப்பது இன்னொரு வேலை. டெபீசியம் இரண்டாவது வேலைக்காக உருவானது. 'இந்த அட்டவணையில் இந்த வரிசை இப்படி மாறியது' என்ற செய்திகளைத்தான் அது அனுப்புகிறது. இன்டெக்ஸ்கள் (தேடலுக்கான வரிசைப் பட்டியல்கள்), பயனர் உரிமைகள், சீக்வென்ஸ் எந்த எண்ணில் நிற்கிறது என்ற கணக்கு, போன வாரம் யாரோ சேர்த்த ஃபங்ஷன் ஆகிய எவையும் அந்தச் செய்திகளில் வருவதில்லை. அவற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விடிவதற்குள் பில்லிங்கை எழுப்ப வேண்டுமென்றால், விடிந்துவிடும், பில்லிங் எழாது.

முதல் வேலைக்கு வேறு வழி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் தரவுக் கோப்பில் எழுதுவதற்கு முன்பு ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரின் (ரைட்-அஹெட் லாக்) முதலெழுத்துகளைச் சேர்த்து அதை வால் என்கிறோம்; தரவுத்தளத்தின் பின்னாலேயே விடாமல் வருவதால் தமிழிலும் அந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது. வழக்கமான அமைப்பில் 16 எம்பி அளவுள்ள துண்டுகளாக அது எழுதப்படுகிறது. 2005 இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து, நிரம்பிய துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைக்கும் வசதி உண்டு. முழுப் பிரதி ஒன்றும், அதற்குப் பிந்தைய வால் துண்டுகள் ஒன்றுவிடாமலும் கையில் இருந்தால், இடைப்பட்ட எந்த நொடிக்கும் தரவுத்தளத்தைத் திருப்பிக் கொண்டுபோகலாம். உங்களுக்கு வேண்டிய தொடர் நகல் இதுதான். ஆர்க்கைவ் கமாண்ட் என்ற அமைப்பில் பத்து வரி ஸ்கிரிப்ட் ஒன்றைக் கொடுத்தால் போதும்: துண்டைச் சுருக்க வேண்டும், எஸ்3க்கு ஏற்ற வேண்டும், அவ்வளவே.

இரவு டம்பை நிறுத்தலாமா என்பதற்கு இன்று பதில் சொல்ல மாட்டேன். ஒரு முறையாவது மேகத்திலிருந்து ரெஸ்டோர் (மீட்டெடுப்பு) செய்து காட்டிய பிறகு அதைப் பேசலாம்.

4 பிப்ரவரி, காலை 7:05

'தொடர்ச்சி' என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். துண்டு நிரம்பினால்தான் வெளியே போகும். பகல் பதினொரு மணிக்கு அது ஒரு நிமிடத்தில் நிரம்பலாம். இரவு இரண்டு மணிக்கு ஒரே துண்டு நாற்பது நிமிடம் பாதி நிரம்பிய நிலையில் உட்கார்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் சர்வர் போனால், அந்த நாற்பது நிமிடமும் போனதுதான். இதற்காகவே ஆர்க்கைவ் டைம்அவுட் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் 60 நொடி என்று கொடுத்தால், எழுதுவதற்கு ஏதேனும் இருந்தவரை, நிரம்பாத துண்டும் நிமிடத்துக்கு ஒன்றாக வெளியேறும். ஆனால் துண்டின் அளவு அப்போதும் 16 எம்பிதான். ஒரு நாளைக்கு 1,440 துண்டுகள் என்றால் சுருக்குவதற்கு முன் ஏறத்தாழ 22.5 ஜிபி. ஐந்து நிமிடம் என்று வைத்தால் 288 துண்டுகள், 4.5 ஜிபி. நிரம்பாத துண்டுகள் நன்றாகச் சுருங்கும் என்பதால் இந்தக் கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எனினும் சுருக்காமல் அனுப்பக் கூடாது. எத்தனை நிமிட வேலையை மறுபடி கையால் பதிவு செய்ய உங்கள் கணக்குப் பிரிவு தயாராக இருக்கிறது என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். அந்த எண்ணை அமைப்பில் எழுதுங்கள்.

அலுவலகத்து இணைப்பில் மேலே ஏற்றும் வேகம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால், 400 ஜிபி முழுப் பிரதி அப்படியே போய்ச்சேர 44 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். சுருக்கினால் குறையும், ஆயினும் அந்த நேரம் முழுவதும் வால் துண்டுகளும் அதே கம்பியில்தான் போயாக வேண்டும். முதல் பிரதியைச் சனிக்கிழமை மாலை கடை அடைத்த பின் தொடங்குங்கள்.

4 பிப்ரவரி, பிற்பகல் 2:40

நேற்று இரவு எழுதியதில் ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். பத்து வரி ஸ்கிரிப்ட் போதும் என்று எழுதியிருக்கக் கூடாது. காலையில் என் பழைய கோப்புகளைப் புரட்டியபோது, நானே எழுதி ஏழு மாதம் ஓடிய ஸ்கிரிப்ட் ஒன்று கண்ணில் பட்டது. சுருக்கும் கருவியான ஜிஜிப்பின் வெளியீட்டைப் பைப் வழியாக (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் வழி) எஸ்3க்கு ஏற்றும் ஒரே வரி. ஷெல்லில் பைப்பின் முடிவு என்று கணக்கில் எடுக்கப்படுவது கடைசிக் கட்டளையின் முடிவு மட்டுமே. ஜிஜிப் நடுவில் தடுக்கி விழுந்தாலும், வந்தவரை ஏற்றிவிட்டு ஏற்றும் கட்டளை 'வெற்றி' என்று பூஜ்யத்தைத் திருப்பித் தரும். போஸ்ட்கிரெஸ் அந்தப் பூஜ்யத்தை நம்பித் தன்னிடமுள்ள அசலை நீக்கிவிடும் அல்லது மறுபயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும். பக்கெட்டில் பாதித் துண்டு ஒன்று முழுத் துண்டின் பெயரோடு உட்கார்ந்திருக்கும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், அதற்குப் பின்னுள்ள கண்ணிகள் ஆயிரம் இருந்தாலும் பயனில்லை. இடையில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லவைக்கும் பைப்ஃபெயில் என்ற ஒரு சொல்லை ஸ்கிரிப்டின் தலையில் எழுதியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

இன்னொரு குறையும் அதில் இருந்தது. அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், அதன் மேலேயே எழுதிவிடும். இருப்பதன் மேல் எழுத மறுக்க வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணங்கள் தெளிவாகச் சொல்கின்றன. ஏற்கெனவே இருந்தால் எழுதாதே என்று நிபந்தனை வைக்கும் வசதி எஸ்3இல் 2024 ஆகஸ்டில்தான் வந்தது.

பிஜி பேக்ரெஸ்ட் அல்லது வால்-ஜி என்ற தயார்நிலைக் காப்புக் கருவிகள் இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். சரிபார்ப்பு எண், சுருக்கம், குறியாக்கம், பழையனவற்றைக் கழிப்பது எல்லாவற்றையும் பலர் பல ஆண்டுகளாக அடிபட்டு அவற்றில் சீர்படுத்தி வைத்திருக்கிறார்கள். நான் பிஜி பேக்ரெஸ்ட் பக்கம்.

5 பிப்ரவரி, இரவு 11:50

'சரி, அறிக்கைக்கு மட்டுமாவது டெபீசியத்தை இன்றே சோதித்துப் பார்க்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். உற்பத்திச் சர்வரில் (வணிகம் ஓடும் சர்வரில்) வேண்டாம். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன்; என் பணிக்காலத்தில் மறக்க முடியாத ஒரு மாலை அது.

2021 அக்டோபர் கடைசி, தீபாவளிக்கு முந்தைய வாரம். நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜவுளி நிறுவனத்தில் போஸ்ட்கிரெஸ் 12 இருந்தது. அறிக்கைகளுக்காக டெபீசியத்தை முயன்று பார்க்கலாம் என்று எங்கள் குழு ஒரு மடிக்கணினியிலிருந்து அதை இணைத்தது. இணைக்கும்போதே தரவுத்தளத்தில் ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒன்று உருவாகும். 'இந்த வாசகர் இதுவரை படித்துவிட்டார். இதற்குப் பிந்தைய வால் எதையும் அழிக்காதே' என்று போஸ்ட்கிரெஸுக்குச் சொல்லும் அடையாளம் அது. வாசகர் நின்றுபோனாலும் ஸ்லாட் நிற்கும்; அடையாளம் நகராது. சோதனை முடிந்தது, மடிக்கணினி வேறொருவரிடம் போனது, ஸ்லாட் அங்கேயே இருந்தது.

ஒன்பது நாள் அந்தத் துண்டுகள் சேர்ந்தன. வழக்கமான வாரமாக இருந்திருந்தால் இன்னும் பதினைந்து நாள் தாங்கியிருக்கும். தீபாவளிக் கூட்டத்தில் வால் பல மடங்கு வேகமாக வளர்ந்தது. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வட்டு நிரம்பியது. வால் எழுத இடமில்லை என்றால் போஸ்ட்கிரெஸ் சமரசம் செய்துகொள்ளாது, பேனிக் என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். பில் போடும் ஒன்பது கவுண்டர்களிலும் ஒரே நேரத்தில் திரை உறைந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண்மணி, தேர்ந்தெடுத்த புடவைகளை மேசை மேலேயே வைத்துவிட்டு வெளியே போனதை நான் பார்த்தேன்.

வால் கோப்புறைக்குள் போய்ப் பழைய கோப்புகளை அழித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அதை மட்டும் எக்காலத்திலும் செய்யக் கூடாது. எந்தத் துண்டு மீட்சிக்குத் தேவை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தவறான ஒன்றை அழித்தால் தரவுத்தளம் மறுபடி எழவே எழாது. ஸ்லாட்டை நீக்கலாம் என்றால், சர்வர் ஓடினால்தான் நீக்க முடியும், ஓடுவதற்கோ இடமில்லை. எல்விஎம் (வட்டு இடத்தைப் பிரித்துத் தரும் லினக்ஸ் வசதி) வால்யூமில் ஒதுக்காமல் வைத்திருந்த 20 ஜிபியைச் சேர்த்து, போஸ்ட்கிரெஸை எழுப்பி, ஸ்லாட்டை நீக்கி, செக்பாயின்ட் கொடுத்த பின் இடம் திரும்பக் கிடைத்தது. ஐம்பத்தைந்து நிமிடம். அந்த 20 ஜிபியை ஒதுக்காமல் விட்டவர் எனக்கு முன் அங்கிருந்த மூத்தவர். அன்று இரவே அவருக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னேன்.

2020 இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து, ஒரு ஸ்லாட் எவ்வளவு வாலைப் பிடித்துவைக்கலாம் என்று உச்சவரம்பு வைக்கலாம். உங்களுடையது 14 என்பதால் இந்த வசதி உங்களிடம் இருக்கிறது. ஆனால் தொடக்க மதிப்பு 'வரம்பில்லை' என்பதுதான், நீங்களாகத்தான் ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். வரம்பைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாமல் போகும், அறிக்கைக்கான நகலை முதலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். அது இரண்டு நாள் வேலை. கவுண்டர் நிற்பதோடு ஒப்பிட்டால் இரண்டு நாள் பெரிதில்லை.

6 பிப்ரவரி, காலை 6:30

நேற்று எழுதியதற்கு ஒரு துணைக்குறிப்பு. ஸ்லாட் இல்லாத வழியிலும் இதே ஆபத்து இருக்கிறது. இணையம் அறுந்து ஆர்க்கைவ் கமாண்ட் தோற்றுக்கொண்டே இருந்தால், போஸ்ட்கிரெஸ் அந்தத் துண்டுகளை விடாமல் பிடித்துவைத்துத் திரும்பத் திரும்ப முயலும். வட்டு அப்படியும் நிரம்பும். பிஜி பேக்ரெஸ்டில் காத்திருக்கும் வரிசைக்கு உச்சவரம்பு வைக்கலாம். தாண்டினால் துண்டுகளை விட்டுவிட்டுக் கடையை ஓடவிடும். சங்கிலி அறும், உடனே புதிய முழுப் பிரதி எடுக்க வேண்டும். மருத்துவமனை ஆய்வகத்துக்கு இந்த முடிவு வேறாக இருக்கலாம். துணிக்கடைக்கு நான் வரம்பு வைப்பேன். எதைச் செய்தாலும் வட்டு 70 சதவீதத்தைத் தொட்டவுடன் கைப்பேசி அலற வேண்டும்.

6 பிப்ரவரி, மாலை 5:15

'நகலும் இருக்கிறது, டம்பும் இருக்கிறது, பக்கெட்டும் இருக்கிறது. இத்தனைக்கும் மேல் என்ன நடந்துவிடும்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேபுக்கு 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைப் படியுங்கள். அவர்களே ஒளிவுமறைவின்றி எல்லாவற்றையும் வெளியிட்டார்கள்.

அவர்களுடைய துணைச் சர்வர், முதன்மைச் சர்வருக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியது. அதற்குத் தேவையான வால் துண்டுகளை முதன்மைச் சர்வர் ஏற்கெனவே கழித்துவிட்டிருந்தது. வால் துண்டுகளைத் தனியே எடுத்துவைக்கும் ஏற்பாடு அங்கு இல்லை. ஆகவே கையால் மறுபடி இணைக்க வேண்டிய நிலை. இரவு நேரத்தில் அந்த வேலையைச் செய்த பொறியாளர், துணைச் சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழிக்கத் தொடங்கி, ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். ஏறத்தாழ 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

எஸ்3 பக்கெட்டைத் திறந்து பார்த்தார்கள், காலியாக இருந்தது. 9.6 பதிப்புத் தரவுத்தளத்தின் மேல் 9.2 பதிப்பின் டம்ப் கருவி ஓடிக்கொண்டிருந்ததால், அது ஒவ்வொரு முறையும் பிழையோடு முடிந்திருந்தது. பிழையைச் சொல்லும் மின்னஞ்சல்கள் கையொப்பமில்லாதவை என்று அஞ்சல் சர்வரால் திருப்பப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்நேர நிலைப் பிரதி) ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது.

இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொறியாளரின் கைத்தவறைவிட, திரும்பிவந்த மின்னஞ்சல்கள்தான் என்னைத் தொந்தரவு செய்கின்றன. அனுப்பும் இடத்தில் நின்று 'போய்ச்சேர்ந்தது' என்று சொல்வதை நான் நம்புவதை அதற்குப் பின் நிறுத்திவிட்டேன். போஸ்ட்கிரெஸில் ஆர்க்கைவ் நிலவரத்தைக் காட்டும் காட்சி ஒன்று இருக்கிறது. கடைசியாகப் போன துண்டு எது, எத்தனை தோற்றன என்று சொல்லும். நல்ல கருவிதான், பாருங்கள். ஆனால் எச்சரிக்கையை அதில் மட்டும் கட்டாதீர்கள். நான் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறிய அட்டவணையில் தற்போதைய நேரத்தை எழுதவைக்கிறேன். மேகத்தில் உள்ள இன்னொரு இயந்திரம் பக்கெட்டிலிருந்து துண்டுகளை எடுத்து ஓட்டிப் பார்த்து, அந்த அட்டவணையில் உள்ள நேரத்தைப் படிக்கிறது. இப்போதைய நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான இடைவெளி. அது பத்து நிமிடத்தைத் தாண்டினால் அந்த இயந்திரமே என்னை எழுப்பும். அலுவலகச் சர்வர் செத்துக் கிடந்தாலும் எழுப்பும்.

8 பிப்ரவரி, காலை 9:00

எஸ்3 பதினொரு ஒன்பதுகளின் (99.999999999%) உறுதியோடு வடிவமைக்கப்பட்டது, அங்கு போய்விட்டால் கவலையில்லை என்று வந்த கருத்துக்கு. அந்த எண் வட்டு பழுதாகி நம் கோப்பு தொலைவதைப் பற்றியது. நாமே அழித்தால், சொன்னபடி அது அழித்துவிடும்.

நான் அப்படி அழித்திருக்கிறேன். பக்கெட்டில் 30 நாளுக்கு மேல் பழையவை தானாக நீங்கும்படி ஒரு லைஃப்சைக்கிள் விதி எழுதினேன். முழுப் பிரதி மாதம் ஒன்றாம் தேதி எடுக்கப்படும். 31 நாள் உள்ள மாதத்தின் முடிவில், பழைய பிரதியின் வயது முப்பதைத் தொட்டு விதியின் பிடிக்குள் வந்துவிட்டது. புதிய பிரதியோ ஏறி முடியவே இரண்டு நாள் ஆகும். இடைப்பட்ட அந்த நேரம் முழுவதும் பக்கெட்டில் முப்பது நாள் வால் இருந்தது. அதை ஒட்டவைக்க உடல் இல்லை. பழையதைக் கழிக்கும் பொறுப்பைக் காப்புக் கருவியிடமே விடுங்கள். எந்தப் பிரதிக்கு எந்தத் துண்டுகள் தேவை என்பது அதற்குத்தான் தெரியும்.

அலுவலகச் சர்வரில் இருக்கும் அணுகல் சாவிக்குப் படிக்கும், எழுதும் உரிமைகள் போதும். அழிக்கும் உரிமை கொடுத்தால், சர்வருக்குள் புகுந்தவர் காப்பையும் சேர்த்தே அழிப்பார். கழிக்கும் வேலையை மேகத்தில் உள்ள தனி இயந்திரம் வேறு சாவியோடு செய்யட்டும். வெர்ஷனிங்கையும் (பழைய பதிப்புகளையும் வைத்திருப்பது) ஆப்ஜெக்ட் லாக்கையும் (குறித்த காலம்வரை அழிக்கவிடாத பூட்டு) போடுங்கள். ஆப்ஜெக்ட் லாக்கின் கம்ப்ளையன்ஸ் முறையில், காலம் முடியும்வரை கணக்கின் தலைமைப் பயனரே நினைத்தாலும் அழிக்க முடியாது. ஆகவே காலத்தை முதலில் இரண்டு நாளுக்கு மட்டும் வைத்துப் பழகுங்கள்.

குறியாக்கத்தின் கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பெரும்பாலோரிடம் அது அலுவலகச் சர்வரின் அமைப்புக் கோப்பில் மட்டும் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஓர் அலுவலகத்தின் தரைத்தளத்தில் சர்வரும், அதற்கு மேல்தட்டில் இருந்த காப்பு வட்டும் ஒன்றாக முழுகிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். அந்த நிலையில் மேகத்தில் 400 ஜிபி பத்திரமாக இருந்து, திறக்கும் சொல் சேற்றுக்குள் இருந்தால் என்ன செய்வது? என் வாடிக்கையாளர் ஒருவர் அதைத் தாளில் அச்சிட்டு, உறையிலிட்டு, வங்கி லாக்கரில் வைத்திருக்கிறார். அவரைப் பின்பற்றச் சொல்கிறேன்.

11 பிப்ரவரி, இரவு 9:30

முழுப் பிரதி ஏறிவிட்டது, வால் துண்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்தது ரெஸ்டோர் ஒத்திகை. அதற்கு முன் நேர மண்டலம் பற்றி ஒரு வார்த்தை.

2023 இல் ஒரு நாள் பிற்பகல் 2:10க்கு ஒரு கிடங்கின் இருப்புக் கணக்கு முழுவதையும் ஒருவர் தவறுதலாக அழித்தார். துணைச் சர்வர் இருந்தது; அழிப்பும் அதே நொடியில் அங்கே போய்ச்சேர்ந்திருந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேக இயந்திரம் ஒன்றில் 14:05 வரை ஓட்டி நிறுத்து என்று சொல்லி ரெஸ்டோரைத் தொடங்கினோம். முடிந்ததும் பார்த்தால் அந்தக் கிடங்கு காலி. காப்பே கெட்டுவிட்டது என்று அரை மணி நேரம் கலங்கினோம். உபுண்டுவில் போஸ்ட்கிரெஸின் அமைப்புக் கோப்பு தரவுக் கோப்புறைக்கு வெளியே இருப்பதால், பழைய சர்வரின் அமைப்பு பிரதியோடு வரவில்லை. மேக இயந்திரம் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது 14:05 என்று புரிந்துகொண்டது நமது இரவு 7:35. அழித்ததையும் தாண்டி ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஓடிவிட்டுத்தான் நின்றிருக்கிறது. இரண்டாவது முறை நேரத்தோடு +05:30 என்று சேர்த்து எழுதினோம். இருப்பு முழுவதும் வந்தது. நேரத்தை மண்டலமில்லாமல் எழுதாதீர்கள்.

ஒத்திகை இயந்திரத்தில் ஆர்க்கைவை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால், எழுந்து நின்றதும் அதுவும் உற்பத்திப் பக்கெட்டுக்கே துண்டுகளை அனுப்பத் தொடங்கும்.

12 பிப்ரவரி, காலை 8:10

மறந்துவிட்டேன். அமேசானே நிர்வகித்துத் தரும் ஆர்டிஎஸ் தரவுத்தளச் சேவைக்குள் இந்தப் பிரதியை நேரடியாக ரெஸ்டோர் செய்ய முடியாது. சாதாரண இசி2 (அமேசானிடம் வாடகைக்கு எடுக்கும் கணினி) இயந்திரத்தில், அதே 14ஆம் பதிப்பில்தான் செய்ய வேண்டும்.

இயங்குதளப் பதிப்பும் ஒன்றாக இருந்தால் நல்லது. எழுத்துச் சரங்களை வரிசைப்படுத்தும் விதி, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் மாறியது. பழையதில் 11 முதலில் வந்து 1-1 பின்னால் வரும். புதியதில் 1-1 முதலில். அலுவலகத்தில் உபுண்டு 18.04, மேகத்தில் 22.04 என்றால் இந்த எல்லையைத் தாண்டுகிறீர்கள். தரவு நலமாகவே இருக்கும். எழுத்து வகை இன்டெக்ஸ்கள் பழைய வரிசையில் இருக்கும், தேடுபவர் புதிய வரிசையில் தேடுவார். கோடு போட்ட சரக்குக் குறியீடுகள் நிறைந்த உங்கள் வணிகத்தில், அட்டவணையில் கண்ணெதிரே இருக்கும் துணி தேடலில் 'இல்லை' என்று வரும். அந்த இன்டெக்ஸ்களை மறுபடி கட்டிவிட்டால் தீர்ந்தது; கட்ட ஆகும் நேரத்தையும் மீட்சி நேரத்தில் சேருங்கள்.

15 பிப்ரவரி, மாலை 4:45

அறிக்கைக் குழாய்க்கு இப்போது வரலாம். உங்களிடம் முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டுவது) இல்லாத அட்டவணைகள் பதினான்கு என்று சொன்னீர்கள். அவற்றில் மாற்றம், அழிப்பு நடந்தால் எந்த வரிசை என்று சொல்ல வழியில்லை. பப்ளிகேஷனில் (மாற்றங்களை வெளியே அனுப்ப வேண்டிய அட்டவணைகளின் பட்டியல்) சேர்த்த கணமே, அந்த அட்டவணைகளில் அப்டேட் செய்யும் உங்கள் மென்பொருள் பிழை வாங்கத் தொடங்கும். முதலில் சாவி போடுங்கள். சாவி போட முடியாதவற்றுக்கு ரெப்ளிகா ஐடென்டிட்டியை (மாறிய வரிசையை எதைக் கொண்டு அடையாளம் காட்டுவது என்ற அமைப்பு) முழு வரிசையாக மாற்றலாம். வால் பெருக்கும், தெரிந்தே செய்யுங்கள்.

நீளமான குறிப்புகள் உள்ள அட்டவணைப் பத்திகளைக் (காலம்களை) கவனியுங்கள். பெரிய மதிப்புகளை போஸ்ட்கிரெஸ் தனியே டோஸ்ட் என்ற இடத்தில் வைக்கிறது. வேறு பத்தி மட்டும் மாறினால் அந்தப் பெரிய மதிப்பு செய்தியில் வராது. 'கிடைக்கவில்லை' என்ற அடையாளச் சொல்லை டெபீசியம் அங்கே போடும். அறிக்கை எழுதுபவர் அதை உண்மையான மதிப்பாக எடுத்துக்கொண்டு பழையதை மிதித்துவிடக் கூடாது. மேலும், நொடிக்கு நொடி எழுதினால் எஸ்3இல் இலட்சக்கணக்கான பொடிக் கோப்புகள் சேர்ந்து, ஒவ்வோர் அறிக்கையும் அவற்றைத் திறந்து மூடுவதிலேயே நேரத்தைக் கழிக்கும். உங்கள் மேலாளர்கள் அறிக்கையைக் காலை பத்து மணிக்குத்தான் பார்க்கிறார்கள் என்றால், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினாலே அதிகம்.

இன்னும் யோசித்ததில், உங்களுக்கு டெபீசியமே வேண்டாம் என்று தோன்றுகிறது. இடைவெளியை அளக்க மேகத்தில் ஓர் இயந்திரம் வால் துண்டுகளை ஓட்டிக்கொண்டே இருக்கும் என்று 6ஆம் தேதி எழுதினேன். ஹாட் ஸ்டாண்ட்பை முறையில் அதைப் படிக்க மட்டும் திறந்துவைக்கலாம். அறிக்கைகளை அங்கேயே எடுங்கள். நீளமான வினவல் ஓடும்போது வால் ஓட்டம் சற்றுக் காத்திருக்கும், சில நேரம் வினவல் ரத்தாகும்; அறிக்கை நேரத்தில் அதற்கேற்பக் காத்திருப்பு வரம்பை உயர்த்திக்கொள்ளலாம். ஸ்லாட் இல்லை, டெபீசியம் வழக்கமாகச் செய்திகளை அனுப்பும் காஃப்கா என்ற இடைக்கருவி இல்லை, இரவில் எழுப்புவதற்கு ஒரு பொருள் குறைவு. முதல் நாளே இது தோன்றியிருக்க வேண்டும்.

22 பிப்ரவரி, இரவு 10:10

உங்கள் ஒத்திகைக் குறிப்பைப் படித்தேன். பக்கெட்டிலிருந்து பிரதி இறங்க மூன்று மணி, எட்டு நாள் வாலை ஓட்ட நான்கே கால் மணி, இன்டெக்ஸ் கட்ட ஒன்றரை மணி. மொத்தம் எட்டே முக்கால் மணி நேரம் உங்கள் முதலாளிக்கு ஏற்கத்தக்கதல்ல என்றால், குறைக்க வேண்டியது நடுவிலுள்ளதை. வாலை ஓட்டுவது ஒற்றைச் செயல்முறை. பெரிய இயந்திரம் எடுத்தாலும் அதற்கேற்ப வேகம் கூடாது. வாரம் ஒரு முழுப் பிரதி, ஒவ்வோர் இரவும் டிஃபரன்ஷியல் (முழுப் பிரதிக்குப் பின் மாறியதை மட்டும் எடுப்பது) என்று வைத்தால், ஓட்ட வேண்டிய வால் ஒரு நாளுக்கு மேல் இராது.

டம்ப் பற்றி நான் தள்ளிவைத்த பதில்: இரவுதோறும் வேண்டாம், ஞாயிறு ஒன்று இருக்கட்டும். வால் வழி நகல் பக்கத்துக்குப் பக்கம் அப்படியே போகிறது. அசலில் ஒரு பக்கம் சிதைந்திருந்தால் அதையும் சேர்த்தே சுமந்துபோகலாம். டம்ப் ஒவ்வொரு வரிசையையும் படித்துப் பார்த்துத்தான் எழுதும், சிதைந்த வரிசையில் முட்டி நிற்கும். ஐந்தரை மணி நேரம் ஞாயிற்றுக்கிழமையில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

நீங்கள் அனுப்பிய எண்ணிக்கை ஒப்பீட்டில், ஒரு கிடங்கின் ரசீது அட்டவணையில் மட்டும் மூன்று வரிசைகள் குறைகின்றன. ஒத்திகையை நிறுத்திய நேரத்துக்குப் பின் பதிவானவையாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம் என்பதோடு விடாதீர்கள். அந்த மூன்று ரசீதுகளின் பதிவு நேரத்தை அசலில் எடுத்து, நிறுத்திய நொடியோடு வைத்துப் பாருங்கள். அது பொருந்தும்வரை ஞாயிறு டம்போடு நிற்காதீர்கள், இரவு டம்பும் ஓடட்டும்.

23 பிப்ரவரி, காலை 11:35

பொருந்தியது என்று எழுதியிருக்கிறீர்கள்: மூன்றும் நிறுத்திய நேரத்துக்கு நாற்பது நொடி பிந்தியவை. இனி இரவுதோறும் எடுக்கும் டம்பை நிறுத்தலாம், ஞாயிறு டம்ப் மட்டும் இருக்கட்டும். அடுத்த ஒத்திகையை வேறொருவர், உங்கள் உதவியில்லாமல், எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்யட்டும். வங்கி லாக்கர் உறையைத் திறப்பதிலிருந்து தொடங்கட்டும்.